ராணி அங்கியும் மரப்பொம்மையும்

நாடக நடிகை குஞ்சரவல்லி ராணி வேஷத்தில் அணிந்த வெல்வெட் அங்கியை, அவர் காலமான பிறகு அருங்காட்சியகத்தில் ஒரு மரப்பொம்மைக்குப் போட்டுக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள்.

"ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கியது நான்தான். குஞ்சரவல்லி எனக்குள்ளே நின்றாள், அவ்வளவுதான். நீயும் சும்மா நில், போதும்," என்றது அங்கி.

பொம்மை பயபக்தியோடு நின்றது.

திறப்பு விழாவன்று நல்ல கூட்டம். அங்கி சரிகை மினுமினுக்கக் காத்திருந்தது. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு எல்லோரும் பக்கத்து அறையிலிருந்த பீரங்கியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"ஏன் அக்கா, ஒருத்தர்கூடக் கைதட்டவில்லையே?" என்று பொம்மை தயங்கித் தயங்கிக் கேட்டது.

அங்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எப்படித் தட்டுவார்கள்? உனக்கு நடிக்கத் தெரிந்தால்தானே!"