வெண்ணெய் இல்லாத கேக்

வலியசாலை வீட்டில் பத்மஜா முதன்முதலாகப் பழக் கேக் செய்துகொண்டிருந்தாள். கணவர் கணபதிராமன் அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை.

“முட்டை உண்டாடீ?”

“சிவ சிவா! நம்மாத்துலயா?”

“ரம்மு?”

“திராட்சையெல்லாம் ஆரஞ்சு ஜூஸ்லயாக்கும் ஊறறது.”

அவர் சமாதானமானார். ஆலிவ் எண்ணெய்க் குப்பியைக் கண்டதும் மறுபடி முகம் சுளித்தது.

“வெண்ணெய் நமக்கு ஆகுமே! என் கொலஸ்ட்ராலுக்குப் பத்தியமா?”

“கேக் உங்களுக்கில்லை. நாளைக்குக் கௌசிக் ரீனுவை அழைச்சுண்டு வரான். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவளுக்கு இருபத்தஞ்சு நாள் நோன்பு. முட்டை, பால், வெண்ணெய் ஒண்ணும் தொடமாட்டாள்.”

சர்ச்சில் நடந்த மகன் கல்யாணத்துக்கே போகாதவர் கணபதிராமன். மருமகள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இன்று நின்றார்.

“அப்போ நாளைக்கு மோர்க்குழம்பு வேண்டாம். சாம்பார் வை,” என்றார். “பழக்கதோஷத்துல நெய் விட்டுத் தாளிச்சுடாதே.”