அரைவைப் பக்குவம்

பழைய டயர்களை உறைய வைத்துத் துகளாக அரைக்கும் ஆலை அது. வந்திருக்கும் கொள்முதல்காரர் தலையசைத்தால்தான் அடுத்த மாதமும் இயந்திரம் ஓடும் என்பது மெஷின்காரருக்குத் தெரியும். கொள்முதல்காரரோ ரப்பர்த் துகளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து வாய் பிளந்தார்.

"மூணு ஆலைக்குப் போயிட்டு வர்றேன். இப்படி ஒரு கருப்பு நிறத்தை எங்கயும் பார்க்கலைங்க."

"பக்குவம் அப்படிங்க. கண்ணாடி மாதிரி உறைஞ்ச பிறகுதான் அரைவைக்கே விடுவோம்," என்று மீசையை நீவிக்கொண்ட முதலாளி, பின்னால் திரும்பினார். "ஏம்ப்பா, இந்தக் குளிர்ல உனக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?"

மெஷின்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாசா மாசம் இதே தரம் வரணும். கொஞ்சம் மாறினாலும் திருப்பி அனுப்பிடுவேன்," என்று ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொள்முதல்காரர் விடைபெற்றார்.

அவர் வெளியேறியதுமே முதலாளியின் கார் ஓட்டுநர் ஓடி வந்தார்.

"ஐயா, காரை ஜாக்கியில தூக்கி வெச்சிட்டேன். மாட்டுறதுக்குன்னு வாசல்ல இறக்கி வெச்ச புது டயர் நாலையும் காணோம்."

முதலாளி மெல்ல மெஷின்காரரைப் பார்த்தார்.

"வாசல்ல கிடக்கிற டயரை ஒண்ணு விடாம அரைச்சிடுன்னு காலையில நீங்கதானே முதலாளி சொன்னீங்க," என்றார் அவர், துண்டை முறுக்கியபடி.

முதலாளி துகளைப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரின் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுக்காரி காருக்குப் போன வாரம்தானே புது டயர் மாட்டினோம்?"