லிண்டோமாரின் கடைசி உதை

“டேய் பேனாட், ஒரே ஒரு கோல். விட்டுக் குடன்ரா.”

ஊர் அணியோடு நடந்த நட்பு ஆட்டத்தின் இடைவேளை. ரண்டர்ஸ் நகர மைதானத்தின் ஓரத்தில், அகதி முகாம் அணியின் தலைவர் பீற்றர், கோல் காப்பாளன் பேனாட்டின் முன்னால் குந்தியிருந்தார். 1986 மே மாதம். மழை தூறியது.

“ஏலாது அண்ணை.”

“அந்த லிண்டோமாரைப் பாரடா. பிரேசிலிலை தொடங்கி, போர்த்துக்கலிலை அடிச்சு, பெல்ஜியத்திலை அடிச்சு, இஞ்ச வந்தும் அடிச்ச மனுசன். முழங்கால் போயிட்டுது. இண்டையோடை சப்பாத்தைக் கழட்டுறான். இவ்வளவு சனமும் மழைக்குள்ளை நிக்கிறது அவன்ரை கடைசிக் கோலைப் பாக்கத்தான். நீ மூண்டைப் பிடிச்சிட்டாய்!”

“அடிச்சால் பிடிக்கத்தானே வேணும்.”

பின்காவலன் றொபேட் சிரித்தான். “ஐயா மன்னாரிலை கோயில் கிண்ணத்துக்கு விளையாடுறார் எண்டு நினைப்பு. தன்ரை ஊர் பேசாலைக்கு வெளியிலை கோல் கம்பமே கண்டிருக்கமாட்டார்.”

“நீ வாயைப் பொத்து,” என்றான் பேனாட்.

பீற்றர் விடவில்லை. “இருக்க இடம் தந்தவங்கள். கூப்பிட்டு விளையாட விட்டவங்கள். முடிய கோப்பியும் கேக்கும் வேறை வைச்சிருக்கிறாங்கள். மரியாதை தெரியாதே உனக்கு?”

“மரியாதையாலைதான் சொல்லுறன். ஏலாது.”

பீற்றர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

கடைசி நிமிடம்வரை கோல் விழவில்லை. அப்போது தங்கள் கோலுக்கு முன்னால் வந்த பந்தை றொபேட் கையால் தட்டினான். தெரிந்தேதான் தட்டினான். நடுவர் விசில் ஊதினார். தண்ட உதை.

றொபேட் பேனாட்டைப் பார்த்துக் கண்ணடித்தான்.

லிண்டோமார் பந்தை வைத்தார். முன்தலை வழுக்கை. இடது முழங்காலில் தடித்த கட்டு. கூட்டம் அடங்கியது.

ஓடிவந்து உதைத்தார். பந்து வலது மூலைக்கு எழும்பியது. பேனாட் சரியாக அந்தப் பக்கமே பாய்ந்தான். பந்து அவன் விரல்களை மடித்துக்கொண்டு வலைக்குள் போனது.

மைதானமே கத்தியது. பீற்றர் ஓடிவந்து பேனாட்டைக் கட்டிப்பிடித்தார். “என்ன நடிப்படா! பாய்ஞ்சு போய் விட்டுக் குடுத்தாய். ஒருத்தருக்கும் தெரியாது!”

லிண்டோமார் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கையை உயர்த்தவுமில்லை. நேரே வந்து பேனாட்டின் கையுறையைக் கழற்றினார். நடுவிரல் வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அதையே பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகுதான் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, நொண்டி நொண்டிச் சனத்தை நோக்கி ஓடினார்.

“உன்ரை விரல் முறிஞ்சு கிடக்கு, அந்தாள் சிரிக்குது!” என்றான் றொபேட்.

பேனாட்டும் சிரித்தான்.

“நேற்று முகாமுக்கு வந்தவர். ‘நாளைக்கு எல்லாரும் எனக்கு விட்டுத் தருவினம், நீயாவது விடாதை’ எண்டு என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவர்.”