பதினைந்து நாளைக்கு ஒரு முறை

நர்சரிக்காரப் பெண் தொட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினாள். மண்ணோடு செடி அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கறுத்து, கொழகொழவென்று இருந்தது. அழுகல் வாடை அவளுக்கும், செடியைக் கொண்டுவந்த கணவன் மனைவிக்கும் எட்டியது.

ரோஜாப்பூ விரிந்ததுபோல இலைகளை அடுக்கிக்கொண்டு நிற்கிற சின்னச் செடி. இலை ஒவ்வொன்றும் சதைப்பற்றோடு விரல் தடிமன் இருக்கும். கள்ளிக்கு இது சித்தி மகள் என்று அவர்களுடைய மகள் சொல்வாள்.

"தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்கண்ணா," என்றாள் நர்சரிக்காரப் பெண்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கதவு மூடாது என்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம். அளவு தப்பு என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. அவனுக்குச் சுருக்கென்றது.

பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தொட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளையும் பைக்கில் கூட்டி வந்திருந்தான். மகளுடைய அறைக் கதவு காற்றில் திறந்துகிடந்தது, ஜன்னலோரம் செடி சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தான்.

அது பொய். மகள் இல்லாதபோது அந்த அறைக்குள் போவதில்லை என்பது இருவருக்கும் இடையே பேசாமலே முடிவான விஷயம்.

இப்போது வேறு வழியில்லை. ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் தான்தான் ஊற்றுவதாக நர்சரிக்காரப் பெண்ணிடம் சொன்னான். மகள் ஜன்னலில் ஒட்டியிருக்கிற சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதே கணக்கு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, பாட்டில் மூடியில் இரண்டு மூடி. அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள்.

ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன், அவள் குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து ஊற்றுவான். இதை மட்டும் அவன் சொல்லவில்லை.

அப்படியானால் வேர் இந்த அளவுக்கு அழுக வாய்ப்பே இல்லை என்றாள் நர்சரிக்காரப் பெண். வீட்டில் வேறு யாராவது ஊற்றுகிறார்களா என்று கேட்டாள். ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா என்றும் கேட்டாள்.

ஜன்னல் மூடியேதான் இருக்கிறது என்றான் அவன். வேறு யாரும் இல்லை என்றும் சொல்ல வாயெடுத்தான்.

"நானும் ஊத்துறேன்," என்றாள் மனைவி.

மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊசி இல்லாத சிரிஞ்சில் இருபது மில்லி. எட்டாம் தேதியும் இருபத்துமூன்றாம் தேதியும். அதே சீட்டு, அதே பதினைந்து நாள். அவன் வேலைக்குப் போன பிறகு.

"நீங்க உள்ளயே போறதில்லைன்னு நெனச்சேன்," என்றாள் அவனிடம்.

அவனும் அவளைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தான்.

நர்சரிக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டிலும் இதே கூத்துதான், மாமியார் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமும் ஊற்றுவதாகச் சொன்னாள். புதுச் செடி பார்க்கிறீர்களா என்று கேட்டு, பலகையில் அதே ஜாதியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் இருந்ததைக் காட்டினாள். உயரமாக நீண்டிருப்பதை எடுக்காதீர்கள், அது வெயில் கிடைக்காமல் வளர்ந்தது, குட்டையாக நெருக்கமாக இருப்பதுதான் நல்லது என்றும் சொல்லித் தந்தாள்.

மனைவி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இதையே பிழைக்க வைக்க முடியுமா என்று கேட்டாள்.

நர்சரிக்காரப் பெண் அழுகாத ஒரே ஓர் இலையைத் தேடிப் பிடித்து, அடி முறியாமல் மெல்லத் திருகி எடுத்தாள். நிழலில் நாலு நாள் காயட்டும், பிறகு மணல் கலந்த மண்மேல் சும்மா கிடத்தி வையுங்கள், புதைக்க வேண்டாம், வேர் விடும்வரை தண்ணீர் பக்கமே போக வேண்டாம் என்றாள். ஜன்னலைத் திறங்கள், ஊற்றுவது ஒரே ஆளாக இருக்கட்டும் என்றாள்.

"பொண்ணு எப்ப வருதுக்கா? வந்ததும் அதுகிட்டயே விட்டுடுங்க."

மனைவி முந்திக்கொண்டாள்.

"பரீட்சை முடிஞ்சதும் வந்துடுவா."

அதோடு நிறுத்தவில்லை. வந்ததும் இங்கேதான் கூட்டி வரப்போவதாகச் சொன்னாள். ஒரு செடி எடுக்க ஒரு மணி நேரம் நிற்பாள், ஒவ்வொரு தொட்டியையும் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள், உங்கள் பொறுமையைச் சோதித்துவிடுவாள் என்று எச்சரித்தாள். முள்ளுச் செடிக்குக்கூடப் பட்டப்பெயர் வைக்கிற பைத்தியம் என்றாள். நர்சரிக்காரப் பெண் ரசித்துக் கேட்டாள்.

அவன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் சேர்ந்துகொண்டான்.

"ஹாஸ்டல்ல எடம் பத்தல. இல்லன்னா அங்கயும் நாலு வச்சிருப்பா."

"நாலா? பத்து வச்சிருப்பா," என்றாள் மனைவி.

நர்சரிக்காரப் பெண் இலையைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தாள். மகள் வந்ததும் ஒரு குட்டிக் கள்ளி இலவசமாகத் தருவதாகச் சொன்னாள். சொல்கிறோம் என்று இருவரும் தலையாட்டினார்கள்.

வெளியே வந்தார்கள். அவன் பைக்கில் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. அவள் பின்னால் ஏறவில்லை. வெயிலில் அப்படியே நின்றார்கள்.

மகள் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசியது அன்றைக்குத்தான் முதல்முறை.