தகர வீட்டின் வாடை

ஏணியின் மூன்றாவது படியில் அம்சவல்லியின் கால் நின்றுவிட்டது.

"கக்கூஸ் நாத்தம் வெளிய போவ மேல ஒரு காத்துக்குழா இருக்குதாம். அது வாய் அடைச்சிக்கினு இருக்குதான்னு பாக்கச் சொல்றாரு" என்றார் வெங்கடேசன். ஒரு கை ஏணியில், மறு கையில் போன். வீட்டை விற்றவர் லைனில் இருந்தார்.

அவள் அசையவில்லை.

"இன்னா நின்னுட்ட? நான் ஏறட்டுமா? நான் ஏறுனா தகரமும் என்னோட சேர்ந்து கீழ எறங்கிடும்."

அவள் ஏறினாள்.

சக்கரம் வைத்த வீடு அது. சாலை போடும் இன்ஜினியர்கள் தங்கியிருந்தது. பழைய வீட்டை இடித்துக் கட்டி முடிக்கும்வரை இருந்துகொள்ளலாம் என்று வாங்கி, மூங்கில்துறைப்பட்டுக்கு ட்ராக்டரில் இழுத்துவந்து, கரும்புக் கொல்லை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளேயே சமையல் மேடை, உள்ளேயே கக்கூஸ். எல்லாத் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து பின்னாலிருந்த கழிவுத் தொட்டிக்குப் போனது.

வீடு வந்த அன்று கொல்லையில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலில் உள்ளே எட்டிப் பார்த்தவள் ஆயம்மாள். மாட்டுக்கொட்டகை கூட்டவும் பாத்திரம் தேய்க்கவும் தினமும் வருகிறவள். சுவரைத் தடவினாள். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா, இன்னா அழகு! புருசன்கூட சண்டைன்னா வூட்டையே ஓட்டிக்கினு போயிடலாம் போலிருக்குதேக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவல்லியும் சிரித்தாள்.

நாற்றம் அந்த வாரமே தொடங்கியது.

சர்க்கரை மில் ஓடும் மாதங்களில் ஊருக்கே ஒரு வாடை உண்டு. இது அதில்லை. கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் சமையல் மேடைத் தொட்டி குளுக் குளுக்கென்று விக்கும். பின்னாலேயே நாறும்.

பினாயில் ஊற்றினாள். பிளீச்சிங் பவுடர் கொட்டினாள். குளியலறை ஓட்டையில் துணியைத் திணித்தாள். சாம்பிராணி போட்டபோது இரண்டும் கலந்து இன்னும் குமட்டியது.

மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டார் வந்தார்கள். காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, காற்றாட நிற்கிறோம் என்று ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

ஆயம்மாள் அப்போது தேய்த்த பாத்திரங்களோடு உள்ளே வந்தாள்.

"மாட்டுக்கொட்டாய்லருந்து அப்படியே உள்ள வராதன்னு எத்தினி தபா சொல்றது ஆயம்மா?" என்றாள் அம்சவல்லி. வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

அதற்கு முன் ஒரு தபாகூட அப்படிச் சொன்னதில்லை.

ஆயம்மாள் பாத்திரங்களை வாசலிலேயே இறக்கி வைத்தாள். மறுநாளிலிருந்து கொட்டகையைக் கூட்டிவிட்டு, பம்புசெட்டில் குளித்து, ஈரத் தலையோடு பாத்திரத்துக்கு வந்தாள். கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். வாசலைத் தாண்டவில்லை. பாத்திரக் கூடை மட்டும் வெளியே போய்த் திரும்பி வந்தது.

அப்படியும் வீடு நாறியது. அம்சவல்லி அவளை உள்ளே கூப்பிடவில்லை.

இப்போது கூரைத் தகரம் காலைச் சுட்டது. குழாய் தெருப்பக்க மூலையில் இருந்தது. அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

குழாயின்மேல் கருப்புப் பானை கவிழ்ந்திருந்தது. வெள்ளைப் புள்ளிகள், சிவப்பு நாக்கு, முறுக்கிய மீசை. காற்றில் விழாமலிருக்க வாயைச் சுற்றிக் களிமண் அப்பியிருந்தது. வெயிலில் அது கல்லாகியிருந்தது. ஏதோ கம்பி போட நட்ட குழாய் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இடுப்பில் செருகி வந்த அரிவாளின் நுனியால் மண்ணைப் பெயர்த்தாள். பானையை அசைத்துத் தூக்கினாள். அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்பவில்லை.

கீழே வெங்கடேசன் உள்ளே ஓடி வாளித் தண்ணீரைக் கக்கூஸில் கவிழ்த்தார். தொட்டி விக்கவில்லை.

"ஜோரா போவுதுடி!" உள்ளிருந்து கத்தினார். "ஆயம்மா, கேட்டியா? நாத்தம் குழாய்லருந்துதான் வந்துக்கினு இருந்திருக்குது! மேல இன்னாடி அடைச்சிக்கினு இருந்துச்சு?"

"குளவிக்கூடு" என்றாள் அம்சவல்லி.

சொன்ன பிறகுதான் கீழே பாத்திரம் தேய்க்கும் குழாயடியைப் பார்த்தாள். ஆயம்மாள் எழுந்து நின்று, நெற்றியில் கை வைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பானை அம்சவல்லியின் கையில் இருந்தது.

ஆயம்மாள் குளவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்போ என் மேல இல்லியாக்கா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "நான் என் மேலதான்னு நெனச்சிக்கினு இருந்தேன். மோந்து பாரு, மோந்து பாருன்னு எங்க வூட்டுக்காரருக்கு ஒரே தொல்லை."

 

அம்சவல்லி இறங்குவதற்குத் திரும்பினாள். பானையோடு ஏணியைப் பிடிக்க முடியவில்லை. கூரை விளிம்பிலேயே நின்றாள்.

ஆயம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஏணியடிக்கு வந்தாள்.

"குடுங்கக்கா, நான் வாங்கிக்கிறேன். திருஷ்டிக்கு வச்சது, ஒடைச்சிடக் கூடாது. வேற எடத்துல மாட்டிக்கலாம். இவ்ளோ அழகான வூடு, எவ கண்ணாச்சும் பட்டுடப் போவுது."

இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி நின்றாள்.

பானையின் முகம் அம்சவல்லி வரைந்தது. வீடு வந்த அன்று, எல்லோரும் சிரித்துக் கலைந்த பிறகு, ஆயம்மாளின் கண்ணுக்கென்று.