ஆள் உயரம்

"அந்தம்மா பொய் சொல்றாங்க. இன்னிக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு."

விடியும் நேரம். மச்சானின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். மடியில், துணியில் சுற்றிய வெப்பமானி.

"என் காது ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு. வெயில் வந்தப்புறம் பிடிக்கக் கூடாதா மச்சான்?"

"வெயில் வந்தா ஆதாரம் போயிடும். நீ ஓட்டு."

வானிலைப் பைத்தியங்களுக்கான வாட்ஸ்ஆப் குழுவை நடத்துகிறவர் அவர். தினமும் காலையில் அவரவர் வீட்டு வெப்பமானியின் அளவைப் போட வேண்டும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகக்கூட மல்லுக்கு நிற்பார் என்பதால், குழுவில் அவருக்குப் பெயர் தசமம்.

முன்பனி தொடங்கியதும் குழு களைகட்டிவிட்டது.

"இங்க தேங்காய் எண்ணெய் கல்லாயிடுச்சு" என்று எழுதினார் மலைமேல் இருப்பவர்.

"இங்க இன்னும் ஃபேன் ஓடுது. உங்க குளிர்ல கொஞ்சம் பார்சல் அனுப்புங்க" என்றார் கடற்கரை அக்கா.

ஆற்றங்கரைக்காரர் ஒரு படம் போட்டார். வெறும் வெள்ளை. "படமே வரலையே?" என்று கேட்டதற்கு, "மூடுபனிங்க, அதான் படம்" என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பல் டாக்டரம்மா சேரும்வரை. அவருக்கும் தசமத்தின் ஊர்தான். இரண்டு தெரு தள்ளி. ஆனால் டாக்டரம்மாவின் அளவு எப்போதும் தசமத்தின் அளவைவிட மூன்று பாகை குறைவு.

"ரெண்டு தெருவுக்குள்ள எப்படிம்மா மூணு பாகை?"

"இங்க குளிர் ஜாஸ்தி சார்."

"எங்க மலைக்கே போட்டியா?" என்று சிரித்தார் மலைக்காரர். தசமம் சிரிக்கவில்லை. இந்த வருடம் நகராட்சி அலுவலகமே ஊரின் அளவை அவரிடம் தினமும் கேட்டு வாங்குகிறது. தப்பான எண் ஒன்று போனாலும் மானம் போய்விடும்.

டாக்டரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றிருந்தார்.

"வாங்க சார். டீ போடட்டுமா?"

"டீ இருக்கட்டும். பெட்டி எங்க?"

டாக்டரம்மா கீழே காட்டினார். கடைசிப் படிக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, வெப்பமானிப் பெட்டி.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூனைக்கு வெச்சிருக்கீங்களா?"

"குழு விதி என்னம்மா?" என்றார் தசமம்.

"பெட்டி ஆள் நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும்."

"தெரிஞ்சேதான் வெச்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

தசமம் தன் வெப்பமானியை எடுத்துத் தலை உயரத்தில் பிடித்தார். கை வலித்தும் இறக்கவில்லை.

"பன்னிரண்டு புள்ளி நாலு. உங்களது?"

"ஒன்பது புள்ளி ஒண்ணு."

"பொய்!"

"பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

விடக்கூடாது என்று தசமம் அங்கேயே மண்டியிட்டார். குளிர் வேட்டியைத் தாண்டி முழங்காலில் ஏறியது. எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

சுவரை ஒட்டி, மூட்டைகள் என்று அவர் நினைத்திருந்த வரிசையில், ஒரு மூட்டை இருமியது. கோணிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, பக்கத்திலிருந்த சின்ன மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டது.

எண் நின்றது. ஒன்பது புள்ளி ஒன்று.

"கருவி சரியாத்தான் காட்டுது" என்றார். குரல் தானாகத் தணிந்திருந்தது. "ஆனா தரைகிட்ட குளிர் கூடுதலாத்தான் இருக்கும். அது கணக்குல சேராது. நல்லவேளை, ஆபீசுக்கு உங்க எண் போகலை. தினமும் வெட்டிட்டுத்தான் அனுப்புறேன்."

டாக்டரம்மா அவரையே பார்த்தார்.

"வெட்டிடுவீங்களா?"

"பின்னே?"

"பத்துக்குக் கீழே போனா, அன்னிக்கு ராத்திரியிலேருந்து சந்தைக் கூடத்தை இவங்களுக்குத் திறந்து விடுறதா ஆபீசுல சொன்னாங்க சார். இன்னிக்குத் திறப்பாங்க, நாளைக்குத் திறப்பாங்கன்னு நானும் இவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். ஏன் திறக்கலைன்னு இப்பத்தான் தெரியுது."

தசமம் எழுந்திருக்கவில்லை.

"அதுக்கா நம்மகிட்ட எண் கேக்குறாங்க?"

"நீங்க விசாரிக்கலையா சார்?"

மச்சான் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றுவதை நிறுத்தினார்.

இருவரும் திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் மச்சான் கேட்டார்.

"என்ன மச்சான், அந்தம்மாவைக் குழுவிலேருந்து தூக்கிடப் போறீங்களா?"

"முடிவு பண்ணிட்டேன்."

குழு அதற்குள் விழித்திருந்தது. "திருடி சிக்கியாச்சா?" என்று மலைக்காரர் கேட்டிருந்தார். "பாவம், ஒரு தடவை மன்னிச்சு விடுங்க" என்று கடற்கரை அக்கா எழுதியிருந்தார்.

தசமம் முதலில் நகராட்சி அலுவலகத்துக்கு அன்றைய எண்ணை அனுப்பினார். பிறகு குழுவில் எழுதினார்: "சோதித்துவிட்டேன். விதிப்படி பெட்டி வைக்கப்படவில்லை. இது உண்மை."

"அப்ப நீக்கிடுங்க. விதின்னா விதி" என்றார் ஆற்றங்கரைக்காரர்.

சிறிது நேரத்தில் குழுவின் உச்சியில் இருந்த விதி மாறியது. ஒரே ஒரு சொல்தான்.

"பெட்டி ஆள் படுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும்."