நடுவில் ஒரு செய்தித்தாள்

“வண்டு, சாப்பாடு மேஜைமேல இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார், கையிலிருந்த தேன் பிசுக்கைக் கழுவிக்கொண்டு. வண்டு திரும்பி அதை அப்படியே சொன்னாள். பசியில்லை என்று பதில் வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் சேர்த்தாள்.

தேன்காரரும் தையல்காரியும் கல்யாணம் செய்துகொண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. இருவருக்கும் அது இரண்டாவது. அவருக்கு ஒரு மகள், வண்டு. அவளுக்கு ஒரு மகள், குண்டூசி. வீட்டில் வைத்த செல்லப் பெயர்கள் அவை. பிள்ளைகளுக்கு ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல்.

ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்பதில் தொடங்கியது. பிள்ளைகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்தார்கள். அவர் வண்டுவுக்குப் பரிந்து பேசினார், அவள் குண்டூசிக்கு. பேச்சு வளர்ந்து வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவள் சொல்லும்வரை போனது. அதோடு பேச்சு நின்றது.

பிள்ளைகள் ஒத்துப்போனால் அவள் போக மாட்டாள் என்று அவர் நம்பினார். எப்படி ஒத்துப்போக வைப்பது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் தேனீதான்.

அன்று சாயங்காலம் தோட்டத்தில் ஒரு வேலை இருந்தது. ஒரு பெட்டியில் ராணி செத்துப்போயிருந்தது. காதை வைத்தால் உள்ளே அழுகை மாதிரி ஓர் இரைச்சல். அப்படியே விட்டால் கூட்டமே அழிந்துவிடும். ராணி உள்ள பெட்டியோடு சேர்த்தாக வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தார்கள். அவர் ராணிப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்தார். குண்டூசியிடம் ஓர் ஊசி வாங்கி, தாளில் நாலைந்து துளை போட்டார். அதற்கு மேலே ராணியில்லாத பெட்டியைத் தூக்கி வைத்தார்.

“பேப்பர் எதுக்கு மாமா?” என்றாள் குண்டூசி.

“ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாசம். நேராச் சேர்த்தா ஒண்ணையொண்ணு கொட்டிக் கொன்னுடும். நடுவுல இது இருந்தா, ரெண்டு பக்கமும் கடிச்சுக் கடிச்சு வழி பண்ணும். அதுக்குள்ள வாசம் கலந்துடும்.”

“அப்புறம் சண்டையே வராதாப்பா?”

“யாரு எந்தப் பெட்டின்னு அதுங்களுக்கே தெரியாது.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, கயிறு கட்டி, இரண்டு கட்டிலுக்கும் நடுவே தொங்கவிட்டார். மறக்காமல் ஊசியால் துளையும் போட்டார். எப்போது தோன்றுகிறதோ அப்போது கிழிக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்றார். வண்டு தலையைக் குனிந்துகொண்டாள். குண்டூசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அழுகையை அடக்குகிறது என்று நினைத்தார்.

தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

“வண்டு, உங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுச் சொல்லு.”

அதன்பிறகு தினமும் அவர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனார். பெட்டி வாசலில் பொடிப்பொடியாகக் காகிதம். ஒரு தேனீ தன் உடம்பளவு துணுக்கை இழுத்து வந்து வெளியே தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே ஓடியது. மேல் பெட்டியைத் தூக்கினார். தாளில் ஓரங்கள்தான் மிச்சம். நடுவில் ஒன்றின் காலை ஒன்று பற்றிக்கொண்டு, சங்கிலி சங்கிலியாகத் தேனீக்கள். குனிந்து கேட்டார். அழுகை இல்லை. ஒரே சுரம்.

எத்தனையோ வருடமாகச் செய்கிற வேலை. இருந்தும் பெட்டியைத் திரும்ப வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். கடுகிலும் சிறிய வாய்களால், எவ்வளவு பெரிய சுவரைத் தின்று தீர்த்திருக்கின்றன.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காகிதப் பொடியை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார்.

பிள்ளைகள் அறையில் தாளைக் காணோம். கயிற்றையும் காணோம். தையல் மெஷின் சத்தமும் இல்லை. நாளைக்குப் போக வேண்டியவள் இன்றே போய்விட்டாளா? அப்புறம்தான் கவனித்தார். இரண்டு கட்டிலும் ஜன்னலோரமாக ஒட்டிக் கிடந்தன.

“எங்க சண்டை மறுநாளே முடிஞ்சுபோச்சுப்பா,” என்றது பின்னாலிருந்து வண்டுவின் குரல். “நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்லையே.”

“காலையிலயே போய்ப் பெட்டியைப் பார்த்தோம் மாமா. வாசல்ல பொடி கிடந்துச்சு. சரி, இது வேலை செய்யுதுன்னு கழட்டிட்டோம்,” என்றாள் குண்டூசி.

ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கூடத்துக்கு இழுத்துப் போனார்கள்.

தையல் அறை வாசலை அடைத்துக்கொண்டு தொங்கியது அந்தச் செய்தித்தாள். அதன் முன்னால் ஒரு முக்காலி போட்டிருந்தது. அந்தப் பக்கம் யாரோ நாற்காலியில் அசையும் சத்தம்.

“அம்மாவை உட்கார வெச்சாச்சு,” என்றாள் குண்டூசி.

வண்டு முக்காலியைத் தட்டிக் காட்டினாள். “உங்க பக்கம் இது. அவசரப்பட்டுக் கிழிச்சுடாதீங்கப்பா, கொட்டிக்குவீங்க.”

அவர் உட்கார்ந்தார். கை விரிந்திருந்தது. பொடியைக் காட்ட வழியில்லை.

“கேக்குதா?” என்றார் தாளைப் பார்த்து. “ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. ஒண்ணுகூடச் சாகலை.”

அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, அவர் மூக்குக்கு நேராக இருந்த ஊசித் துளை வழியே, ஒரு கத்தரிக்கோலின் முனை மெல்ல எட்டிப் பார்த்தது.